எரிகிற வீட்டில் பிடுங்கிய லாபம்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் சொன்ன மொழி. ரப்பர் கம்பெனிகளின் கதையும் அப்படித்தான். உலகம் அமைதியாக இருந்தால் மோட்டார் வண்டிக்கு டயர் வேண்டும். உலகம் சண்டை போட்டால் இராணுவ லாரிக்கும் ஆகாய விமானத்துக்கும் டயர் வேண்டும். இரண்டு காலத்திலும் லாபம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே ஜாதி லாபம் அல்ல. யுத்த காலத்து லாபம் பெரியது. திடீரென்று வருவது. அதைக் கொடுப்பவன் கடைத்தெருவில் பேரம் பேசும் வியாபாரியும் அல்ல, அரசாங்கம் கொடுக்கிறது. அரசாங்கத்தின் பணம் என்பது யாருடைய பணம்? வரி கட்டுகிற குடிமக்களின் பணம்.

எனவே ஒரு கேள்வி எழுகிறது. யுத்த காலத்தில் அரசாங்கங்களுக்குச் சரக்கு விற்றுக் கம்பெனிகள் அடையும் லாபத்துக்கு ஓர் எல்லை வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்பது என் கட்சி. அந்த எல்லையைச் சண்டை மூண்ட பிறகு யோசித்துப் பயனில்லை. அமைதிக் காலத்திலேயே சட்டமாக எழுதி வைக்க வேண்டும் என்பதும் என் கட்சி. தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பிழைக்கிற ஒரு கிராணிக்கு இந்தப் பெரிய விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். லாபமும் நஷ்டமும் முதலில் விழுவது கணக்குப் புத்தகத்தில்தான், ஐயா. அந்தப் புத்தகத்தோடு பழகியவன் பேசக் கூடாது என்றால் வேறு யார் பேசுவது?

பாட்டி சொன்ன கணக்கு

என் பாட்டி பகாவ் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பதினாறு வயதில் பால் கத்தி பிடித்தவள். அது 1951-ம் ஆண்டு. பள்ளிக்கூடம் அறியாதவள். ஆனால் அந்த ஆண்டைப் பற்றி அவள் சொன்ன ஒரு வாக்கியத்தை எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் நான் கண்டதில்லை. “அந்த வருஷம் பங்களாவுக்குப் புதுக் கார் வந்தது, நம்ம லயத்துக்கு முள்கம்பி வந்தது” என்பாள்.

அவள் சொன்னது முழுக்க உண்மை. 1948-ல் தொடங்கிய அவசர காலம் அப்போது உச்சத்தில் இருந்தது. தோட்டத் தொழிலாளரின் லயங்களை ஓரிடத்தில் கூட்டி வைத்து, சுற்றிலும் வேலி போட்டார்கள். ஊரடங்கு இருந்தது. அரிசியைக் கூட அளந்துதான் வைத்திருக்க முடியும். சோற்றுப் பொட்டலத்தோடு காட்டுக்குள் போகக் கூடாது என்று வாசலில் சோதனை போடுவார்கள். விடியும் முன் பிரட்டுக்கு நின்று, பயந்து பயந்து நிரைக்குப் போய், பால் எடுத்து, மங்கு கவிழ்த்து, உயிரோடு திரும்பினால் அன்றைய நாள் நல்ல நாள்.

இப்படி வெட்டிய பாலில் வந்த ரப்பர் என்ன விலைக்குப் போயிற்று? 1949-ல் முதல் தர ரப்பர் ராத்தல் சராசரி 38 காசு. 1950 ஜூன் 25-ந் தேதி கொரியாவில் யுத்தம் மூண்டது. அந்த ஆண்டின் சராசரி 108 காசு ஆயிற்று. 1951-ல் அது 169 காசு. இது ஆண்டுச் சராசரிதான்; உச்சத்தில் இரண்டு வெள்ளியையும் தாண்டி விற்றது. இரண்டே ஆண்டில் நான்கு மடங்குக்கு மேல்!

நான் கேட்கிறேன்: இந்த இரண்டு ஆண்டில் மரம் நான்கு மடங்கு பால் கொடுத்ததா? கம்பெனி நிர்வாகிகளின் மூளை நான்கு மடங்கு வளர்ந்ததா? புதிய இயந்திரம் ஏதாவது கண்டுபிடித்தார்களா? ஒன்றுமில்லை. அதே மரம், அதே கத்தி, அதே மங்கு, அதே கைகள். மாறியது ஒன்றுதான். வல்லரசுகளின் சர்க்கார்கள் யுத்தத்துக்காக ரப்பரைச் சேமித்துக் குவிக்கத் தொடங்கின. அந்தச் சேமிப்புக்கு வாங்கிய அவசரத்தில் விலை வானத்துக்குப் போயிற்று. ஆகவே அந்த அதிக லாபம் உழைப்பால் வந்ததும் அல்ல, சாமர்த்தியத்தால் வந்ததும் அல்ல. கொரியாவில் செத்தவர்களால் வந்தது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பார்களே, அது இதுதான்.

கூலி ஏறவில்லையா என்று கேட்கலாம். ஏறியது, மறுக்கவில்லை. ஆனால் நான்கு மடங்கு ஏறவில்லை. ஏறிய கூலியையும் துணி விலையும் மளிகை விலையும் தின்றுவிட்டன. ரப்பர் விலையோடு கூலியை ஏற்றி இறக்கும் ஏற்பாடு நம் தோட்டங்களுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் நடந்தது என்ன? அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை முடுக்கிவிட்டது. இயற்கை ரப்பரை இறக்குமதி செய்யும் உரிமையை ஒரே அரசாங்க அலுவலகத்தின் கையில் கொடுத்தது. வாங்குகிறவன் ஒருவனானால் விலை யார் சொன்னபடி நடக்கும்? 1952-ல் சராசரி விலை 96 காசுக்கு வந்தது. 1953-ல் 67 காசு. உடனே நம் கூலியும் வெட்டுப்பட்டது. ஏறும்போது நொண்டி நடை. இறங்கும்போது குதிரைப் பாய்ச்சல்!

பாருங்கள், தோழர்களே. வாங்குகிற அமெரிக்கா தான் கொடுக்கும் விலைக்கு எல்லை வைத்துக்கொண்டது. விற்கிற கம்பெனி தான் கொடுக்கும் கூலிக்கு எல்லை வைத்துக்கொண்டது. நடுவில் லாபம் ஒன்றுக்குத்தான் எல்லை வைக்க ஆளில்லை.

அதற்கு முந்திய யுத்தம்

இது 1951-ல் புதிதாக நடந்ததும் அல்ல. பத்து ஆண்டு பின்னால் போவோம். 1940 ஜூனில் அமெரிக்க சர்க்கார் ரப்பர் ரிசர்வ் கம்பெனி என்று ஓர் அரசாங்கக் கம்பெனியை அமைத்து, நம் பக்கத்து ரப்பரை ஒப்பந்தம் போட்டு வாங்கிக் குவித்தது. அதற்கு முன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்து மரத்தைச் சும்மா நிறுத்தி வைத்த காலம் போய், வெட்டு வெட்டு என்று விரட்டிய காலம் வந்தது.

அந்தச் சமயம் நம்மவர் நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்நிற்கத் தொழிலாளர்கள் எழுந்தார்கள். என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும் என்றார்கள். மே மாதம் 5-ந் தேதி நாதன் கைதானார்; பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 16-ந் தேதி சிலாங்கூரில் அவசர நிலை பிறப்பிக்கப்பட்டது. பட்டாளம் வந்தது. ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

யுத்த முயற்சிக்கு இடைஞ்சல் என்பது அன்று தொழிலாளர் மீது சாட்டிய குற்றம். யுத்தம் என்பதற்காகத் தொழிலாளி கூலி கேட்கக் கூடாது. நல்லது. யுத்தம் என்பதற்காக முதலாளி லாபம் கேட்கக் கூடாது என்று யாராவது பட்டாளம் அனுப்பினார்களா? அடுத்து ஜப்பானியர் வந்தார்கள். நம் தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு வாரிக் கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. 1950 இறுதியில் மறுபடியும் வாலிபர்களைக் கட்டாயமாக ஆட்படைக்குச் சேர்க்கும் விதிகள் வந்தன. ஆளைக் கட்டாயப்படுத்தலாம், அரிசியை அளக்கலாம், கூலியைக் கட்டலாம். லாபத்தை மட்டும் தொடக் கூடாது! இது எந்த ஊர் நியாயம்?

மற்ற தேசங்கள் செய்தது என்ன?

லாபத்துக்கு எல்லை என்றதும் இது ஏதோ பொதுவுடைமைப் பேச்சு என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன். முதலாளித்துவத்தின் தாய்வீடுகளான பிரிட்டனும் அமெரிக்காவும்தான் இதில் முந்திக்கொண்டவை.

முதல் உலக யுத்தத்தில், 1915-ல், பிரிட்டன் மிகை லாப வரி போட்டது. யுத்தத்துக்கு முந்திய லாபத்தைவிட அதிகமாக வந்ததில் பாதி சர்க்காருக்கு. பிறகு அந்த வீதம் 80 விழுக்காடு வரை உயர்ந்தது. இரண்டாம் யுத்தத்தில், 1939-ல், 60 விழுக்காட்டில் தொடங்கி, 1940-ல் 100 விழுக்காடு ஆக்கினார்கள். அதாவது யுத்தத்தால் வந்த கூடுதல் காசு முழுவதும் கஜானாவுக்கு. இந்தியாவிலும் 1940-ல் இந்த வரி வந்தது. அமெரிக்கா 1934-ம் ஆண்டுச் சட்டத்தில், கடற்படைக்குக் கப்பல் கட்டும் கம்பெனி 10 விழுக்காட்டுக்கு மேல் லாபம் எடுத்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது. 1942-ல் இன்னும் ஒரு படி போய், ஒப்பந்தம் முடிந்த பிறகும் கணக்கைத் திறந்து பார்த்து, அதிகமாகப் போன பணத்தைத் திரும்பக் கேட்கும் அதிகாரத்தைச் சட்டமாக்கியது. கொரிய யுத்தத்தின்போது, 1951-ல், இதற்கென்றே தனி வாரியம் அமைத்தார்கள். அது 1979 வரை இருந்தது.

கணக்கைத் திறந்து பார்ப்பதால் என்ன வந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு சம்பவம். பிரிட்டிஷ் விமானப் படைக்கு பிளட்ஹவுண்ட் என்ற ஏவுகணையைச் செய்து கொடுத்த ஃபெரான்டி கம்பெனி அளவுக்கு மீறிய லாபம் எடுத்தது 1964-ல் தணிக்கையில் வெளிப்பட்டது. விசாரணை வைத்தார்கள். கம்பெனி 42.5 இலட்சம் பவுனைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஏவுகணையின் பிந்திய வகைதான் 1960-களில் நம் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு கணக்கர் ஒழுங்காகக் கூட்டிப் பார்த்ததால் ஒரு தேசத்துக்குக் கிடைத்த பணம் அது. எழுதுகோலுக்கும் வலிமை உண்டு, தோழர்களே!

இனி நம் கதைக்கு வருவோம். கொரிய யுத்தத்தின்போது அமெரிக்கா தன் கம்பெனிகள் மீது 30 விழுக்காடு மிகை லாப வரி போட்டது. பிரிட்டனும் 1952, 1953 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு போட்டது. மலாயாவில்? மிகை லாபத்துக்கென்று ஒரு வரி போடப்படவில்லை. அதற்குப் பதில் ஏற்றுமதி வரியை உயர்த்தினார்கள். கம்பெனி வருமான வரியையும் 20-லிருந்து 30 விழுக்காடாக்கினார்கள். அது போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஏற்றுமதி வரி ராத்தலுக்கு இவ்வளவு என்று விழுவது. ஆயிரம் ஏக்கர் கம்பெனியின் ராத்தலும் ஒரு ராத்தல்தான். மூன்று ஏக்கர் வைத்துக் குடும்பத்தோடு மரம் வெட்டும் கோலப்பிலா மலாய்க்காரரின் ராத்தலும் ஒரு ராத்தல்தான். கொழுத்தவனுக்கும் மெலிந்தவனுக்கும் ஒரே அளவு செருப்பு தைத்தால் யாருக்குக் கடிக்கும்? மிகை லாப வரி அப்படியல்ல. மிகை இருந்தால்தான் அது தொடும்.

இன்னொன்று. நம் தோட்டங்களை வைத்திருந்த பெரிய கம்பெனிகள் பல இலண்டனில் பதிவானவை. பிரிட்டன் போட்ட மிகை லாப வரி இலண்டன் கஜானாவுக்குப் போயிற்று. பால் வெட்டியது பகாவில். முள்கம்பி சுற்றியது லுக்குட்டில். வரி சேர்ந்தது தேம்ஸ் நதிக் கரையில்! யுத்தத்துக்குக் கொடுப்பதில் நாம் ஒருபோதும் பின்வாங்கியதில்லை. முதல் யுத்தத்தில் ஓடிய ‘மலாயா’ என்ற போர்க் கப்பலுக்குப் பணம் கொடுத்தவை நான்கு ஐக்கிய மலாய் மாநிலங்கள். அவற்றில் நெகிரி செம்பிலானும் ஒன்று. கொடுக்கும் வரிசையில் நமக்கு இடம் உண்டு. வாங்கும் வரிசையில்தான் இல்லை.

எப்படிக் கணக்குப் பார்ப்பது?

எல்லை என்றால் எந்த இடத்தில் கோடு கிழிப்பது? இதில் மந்திரம் ஒன்றுமில்லை. யுத்தத்துக்கு முந்திய சில ஆண்டுகளின் லாபத்தை எடுத்துச் சராசரி பார்ப்பது பழைய முறை. பிரிட்டன் 1939-ல் 1935 முதல் 1937 வரையிலான ஆண்டுகளைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டது.

உதாரணத்துக்கு ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். அமைதிக் காலச் சராசரி லாபம் 100 வெள்ளி. யுத்த ஆண்டில் 400 வந்துவிட்டது. இயல்பான வளர்ச்சி என்று 25-ஐத் தாராளமாக விட்டுக் கொடுப்போம். மீதி 275 யுத்தத்தின் கொடை. அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 220 வெள்ளியை எடுத்துக்கொண்டாலும், கம்பெனியின் கையில் 180 நிற்கும். அமைதிக் காலத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு! இதனால் எந்த முதலாளியின் வீட்டில் அடுப்பு அணையும்?

ஆனால் லாபத்துக்கு மட்டும் எல்லை வைத்து, செலவைக் கவனிக்காமல் விட்டால் பானையில் ஓட்டை விழுந்தது போலத்தான். இது கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரிந்த இரகசியம். எப்படியும் வரியாகப் போகும் பணம்தானே என்று, தேவையில்லாத செலவையெல்லாம் தோட்டக் கணக்கில் ஏற்றலாம். செலவுக்கு மேல் இத்தனை விழுக்காடு லாபம் என்று ஒப்பந்தம் போட்டால், செலவு கூடக் கூட லாபமும் கூடும். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! லாபம் ஏஜென்சி கமிஷன் என்றும், ஆலோசனைக் கட்டணம் என்றும் வேறு பெயர் சூடி, பக்கத்துக் கம்பெனியின் புத்தகத்துக்குள் நுழைந்துகொள்ளும். ஆகவே அரசாங்கத்துக்கு விற்கும் கம்பெனியின் செலவுக் கணக்கு அரசாங்கத் தணிக்கையாளருக்குத் திறந்திருக்க வேண்டும். மக்கள் பணத்தை வாங்குகிறவன் மக்களுக்குக் கணக்குக் காட்டக் கூச்சப்படலாமா?

எதிர்க்கட்சியின் வாதம்

முதலாளிமார் சொல்லும் காரணங்களையும் நேர்மையாகக் கேட்போம். ரப்பர் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. நல்ல காலத்தில் சேர்த்தால்தான் கெட்ட காலத்தில் தாக்குப் பிடிக்க முடியும் என்பது முதல் வாதம். இதில் உண்மை இருக்கிறது. 1930-களின் மந்தத்தை நம் தாத்தாக்கள் மறக்கவில்லை. அப்போது கூலி வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன்: கெட்ட காலத்தின் நஷ்டத்தைத் தொழிலாளியும் சுமந்தான் என்றால், நல்ல காலத்தின் லாபத்தில் அவனுக்குப் பங்கில்லையா? மேலும், லாபத்தைச் சேர்த்து வைக்கத்தான் கேட்கிறார்கள் என்றால், அதைச் சட்டத்திலேயே எழுதலாமே. பிரிட்டன் 100 விழுக்காடு வசூலித்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்கை யுத்தம் முடிந்தபின் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு செய்தது. அதுபோல ஒரு பங்கை மறுநடவுக்கென்று பூட்டி வைக்கலாம். பங்குதாரரின் பைக்குள் போன பணம் இறங்கு காலத்தில் திரும்பி வந்து தோட்டத்தைக் காப்பாற்றியதாக எங்கே கண்டோம்?

லாபத்துக்கு எல்லை வைத்தால் உற்பத்தி குறையும் என்பது இரண்டாவது வாதம். 100 விழுக்காடு வரியில் இந்த அபாயம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். முழுவதும் போகும் என்றால் யாருக்கும் ஊக்கம் இராது. வீண் செலவு பெருகும். ஆகவேதான் முழுவதையும் கேட்கவில்லை. பெரும் பங்கைக் கேட்கிறேன்.

நாங்களே மனமுவந்து நன்கொடை தருகிறோம், சட்டம் எதற்கு என்பது மூன்றாவது வாதம். இது மிக இனிமையான வாதம். இதற்குப் பதில் சொல்லப் பழைய காலத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் கண்முன் நடந்ததே போதும்.

கையுறை சொன்ன பாடம்

2020-ல் கொரோனா நோய் வந்தது. அது துப்பாக்கி இல்லாத யுத்தம். உலகத்து அரசாங்கங்களும் மருத்துவமனைகளும் ரப்பர் கையுறைக்கு அலைந்தன. என்ன விலை சொன்னாலும் கொடுத்தார்கள். நம் நாட்டின் மிகப் பெரிய கையுறை நிறுவனத்தின் ஆண்டு லாபம் 2019-ல் ஏறக்குறைய 36 கோடி ரிங்கிட்டாக இருந்தது. 2021-ல் 780 கோடியைத் தாண்டியது. இருபது மடங்குக்கும் மேல்! அதே நிறுவனத்தின் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் விடுதிகளில் 2020 நவம்பரில் நோய் ஆயிரக்கணக்கானோரைப் பிடித்தது. ஆலைகளைப் படிப்படியாக மூட வேண்டி வந்தது. பாட்டி சொன்ன கார்க் கதையும் முள்கம்பிக் கதையும் மறுபடியும் நடந்தன, வருஷம்தான் வேறு.

அப்போது மிகை லாப வரி போடச் சொல்லிக் குரல் எழுந்தது. போடவில்லை. நான்கு பெரிய கையுறை நிறுவனங்கள் சேர்ந்து 40 கோடி ரிங்கிட் நன்கொடை தர ஒப்புக்கொண்டன. கொடுத்ததற்கு நன்றி. ஆனால் நன்கொடை என்பது கொடுப்பவன் வைக்கும் அளவு. வரி என்பது நாடு வைக்கும் அளவு. கடைசியில் 2022-ம் ஆண்டுக்கு மட்டும் ‘சுக்காய் மக்மூர்’ என்ற பெயரில், 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 33 விழுக்காடு என்று வரி வந்தது. வழக்கமான வீதம் 24. ஆனால் அது வந்து சேர்ந்தபோது கையுறை விலை விழுந்து, கையுறை லாபமும் கரைந்துவிட்டது. வெள்ளம் வடிந்தபின் அணை கட்டிய கதை!

வெள்ளத்துக்கு முன் அணை கட்ட நமக்குத் தெரியாதா? தெரியும். 1998-ம் ஆண்டிலேயே இந்நாட்டில் மிகை லாப வரிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. செம்பனை எண்ணெய் விலை குறித்த மட்டத்தைத் தாண்டினால் அந்த வரி தானாக விழும். நூறு ஏக்கருக்கு உட்பட்ட சிறு தோட்டக்காரருக்கு விலக்கும் உண்டு. 2022-ல் உக்ரேனில் யுத்தம் மூண்டு, எண்ணெய் விலை டன் 7,000 ரிங்கிட்டைத் தொட்டபோது, அந்தச் சட்டம் யாரையும் கெஞ்சாமல் தன் வேலையைச் செய்தது. குறை என்னவென்றால் வீதம் மிகச் சிறியது. மட்டத்துக்கு மேற்பட்ட விலையில் 3 விழுக்காடுதான். பழுக்குலையை வெட்டியவனுக்கு என்று அதில் தனியாக ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. ஆனால் வழி இருக்கிறது. வழியை அகலப்படுத்துவதுதான் பாக்கி.

நாம் கேட்பது

ஆகவே நம் கோரிக்கை இவைதான். ஒன்று: யுத்தமோ கொள்ளை நோயோ வந்து, அரசாங்கங்கள் அவசரமாக வாங்கும் காலத்தில் தானாக நடைமுறைக்கு வரும் மிகை லாபச் சட்டம் அமைதிக் காலத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு: அளவுகோல் முந்திய ஆண்டுகளின் சராசரி லாபமாக இருக்க வேண்டும், சிறு தோட்டக்காரருக்கு விலக்கு வேண்டும். மூன்று: அரசாங்க ஒப்பந்தம் பெறும் கம்பெனி செலவுக் கணக்கைத் தணிக்கைக்குத் திறக்க வேண்டும், அதிகமாகப் போனது பின்னால் தெரிந்தாலும் திரும்ப வர வேண்டும். நான்கு: வசூலாகும் பணத்தில் ஒரு நிச்சயமான பங்கு, அந்தச் சரக்கை உற்பத்தி செய்த தொழிலாளரின் வீட்டு நிதிக்கும் வைத்திய நிதிக்கும் இறங்குகாலக் கூலி நிதிக்கும் போக வேண்டும்.

நான்காவதை நான் அழுத்திச் சொல்கிறேன். மற்ற தேசங்களின் சட்டங்களில் நான் காணாதது இதுதான். அவை முதலாளியிடம் வாங்கிக் கஜானாவில் போட்டன. கஜானாவிலிருந்து லயத்துக்கு வரும் பாதையில் எத்தனை வாய்க்கால் உடைப்பு என்பது நமக்குத் தெரியாதா? 1981-ல் கத்ரி கம்பெனியை நம் நாட்டு நிதியே இலண்டன் பங்குச் சந்தையில் வாங்கியது. இலண்டன் முதலாளி போனான். நம் நாட்டு முதலாளி வந்தான். கொடி மாறியதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் கொடி மாறினால் மட்டும் பங்கு வந்துவிடாது. பங்கு சட்டத்தில் எழுதப்பட்டால்தான் வரும்.

என் பாட்டி இறந்து ஆறு ஆண்டு ஆகிறது. அவள் பால் வெட்டிய காட்டில் இப்போது செம்பனை நிற்கிறது. லயம் இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. முள்கம்பி நட்ட கட்டைகளில் ஒன்று மட்டும் ஓடையோரம் மக்காமல் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். யுத்த காலத்து லாபத்தில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த பங்கு அதுதான்.

உலகத்தில் சண்டை இனிமேல் வராது என்று உறுதி சொல்ல யாராலும் முடியாது. வந்தால் விலை ஏறும். விலை ஏறினால் ஒருவன் கொழிப்பான். அந்த நாளில் நம் பிள்ளைகள் எதைப் பங்காகப் பெறப் போகிறார்கள் என்பது, இன்று நாம் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுகிறோமா, வாய் மூடி இருக்கிறோமா என்பதைப் பொறுத்தது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள், தோழர்களே. நெருப்புப் பற்றியபின் கிணறு வெட்ட வேண்டாம்.